பாட்டில் நாள்

மார்ச் 4, செவ்வாய்

இந்த வீட்டில் ஒரு பெண் தன் அறைக்கதவைத் தாழிட்டால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். நான் சொல்வதில்லை. பள்ளி நூலகத்தில் வேலை முடிந்து வந்ததும் முகம் கழுவி, காப்பியோடு உள்ளே போய்விடுகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் சேந்தன் இருமுவது கேட்கிறது. அண்ணன் மகன். ஆவணி வந்தால் ஐந்து முடிகிறது. ஏழெட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது தொடங்கிய இருமலும் காதுச் சீழும் இன்னும் நின்றபாடில்லை.

அண்ணனுக்குக் கடையில் சரக்கு இறங்குகிற நாள். ஆகையால் மதினியோடும் பையனோடும் நான் போக வேண்டியதாயிற்று. பாளையங்கோட்டைக்குப் புதிதாக வந்திருக்கும் குழந்தை மருத்துவர், டாக்டர் ஹெப்சிபா. மற்ற டாக்டர்கள் போல நெஞ்சில் குழாய் வைத்துவிட்டு மருந்துச் சீட்டை எடுக்கவில்லை. விளக்கடித்துப் பையனின் தொண்டையையே வெகு நேரம் பார்த்தார்.

"வாய இன்னும் பெருசாத் திற. சிங்கம் மாதிரி."

"சிங்கம் பல்லு விளக்குமா டாக்டர்?" என்றான் சேந்தன்.

"விளக்காது. அதான் அது பக்கத்துல யாரும் போறதில்ல." பிறகு மதினியிடம், "நிமோனியா வந்திருக்காம்மா?"

"மூணு தடவ. காதுல சீழ் வராத மாசமே கெடையாது டாக்டர். வீட்டுல பழைய புஸ்தகமா அடுக்கி வச்சிருக்காவ. அந்தத் தூசியா இருக்குமோ?"

சொல்லும்போது மதினி என்னைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

"புஸ்தகத்த விடுங்க. எல்லாப் பிள்ளைக்கும் தொண்டையில ரெண்டு பக்கமும் சதை இருக்கும். இவனுக்குத் தேடிப் பாக்கேன், இல்ல. ரத்தம் எடுத்துப் பாத்துருவோம்."

வீட்டில் அப்பா கேட்டார்: "சதை வளந்தாத்தான ஆபரேசன்? இல்லன்னா நல்லதுதான?"

மார்ச் 19, புதன்

முடிவு வந்துவிட்டது. ரத்தத்தில் நோயை எதிர்க்கும் புரதங்கள் மூன்று வகையாம். சேந்தனுக்கு மூன்றும் ஏறக்குறைய இல்லவே இல்லை. உறுதி செய்ய இன்னொரு சோதனைக்கு ரத்தம் சென்னைக்குப் போகிறது.

டாக்டர் மதினியிடம் மெதுவாகக் கேட்டார்: "உங்க பக்கத்துல ஆம்பளப் பிள்ளைங்க யாரும் சின்ன வயசுலயே தவறியிருக்காங்களா?"

மதினி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "எங்க அம்மாகூடப் பெறந்தவங்க ரெண்டு பேரு. நடக்க ஆரம்பிக்கதுக்குள்ள போயிட்டாவ. காய்ச்சல்னு சொல்லுவாவ."

"தாய் வழியா வர்றது இது. பொம்பளப் பிள்ளைங்களுக்கு ஒண்ணும் செய்யாது. அவங்க பெத்த பையனுக்கு வரலாம். இதுல யாரு தப்பும் இல்லம்மா, சரியா?"

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நடந்ததை மட்டும் சொன்னேன். யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும். இரவுச் சாப்பாட்டில் அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே, "பொண்ணு எடுக்கும்போது ஜாதகம் மட்டும்தான் பாத்தோம்" என்றார். அண்ணன் எழுந்து கை கழுவப் போய்விட்டான்.

மார்ச் 20, வியாழன்

மதினி இன்று சமைக்கவில்லை. நான் ரசம் வைத்தேன். உப்பு கூடிவிட்டது.

ஏப்ரல் 8, செவ்வாய்

போன வாரம் சென்னையிலிருந்தும் அதே பதில் வந்தது. அந்தப் புரதத்தைச் செய்கிற அணுக்களே அவனிடம் இல்லை. இனி ஆயுள் முழுக்க, நான்கு வாரத்துக்கு ஒரு முறை, ஆயிரக்கணக்கான பேர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். இன்று முதல் தடவை ஏற்றினார்கள். சேந்தன் அதற்குப் 'பாட்டில்' என்று பெயர் வைத்துவிட்டான். "இன்னைக்கு எனக்குப் பாட்டில் நாளு" என்று தெருவில் போகிறவரிடமெல்லாம் சொல்கிறான். அப்பாவுக்கு மானம் போகிறது.

வீடு மதினியின் ஆட்சிக்குள் வந்துவிட்டது. தண்ணீர் கொதிக்க வேண்டும். வெளியிலிருந்து வந்தால் கை கழுவாமல் பையனைத் தொடக்கூடாது. என் புத்தகங்கள் மொட்டை மாடித் தகரக் கொட்டகைக்குப் போய்விட்டன. நான் பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில், என்னைக் கேட்காமல்.

"மண்ணுல விளையாடுத பிள்ளைக்குத்தான் எதிர்ப்புச் சக்தி வரும். நான் படிச்சிருக்கேன் மதினி. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சு வளத்தா இப்படித்தான் ஆகும்."

"நீ ஒண்ணப் பெத்துப் பாரு. அப்ப மண்ணுல போட்டு உருட்டு."

எனக்கு இருபத்தெட்டு நடக்கிறது. அவளுக்கு அது தெரியும். மாடிக்குப் போய்ப் புத்தகங்களின் மேல் சாக்கை இழுத்து மூடிவிட்டு வந்தேன்.

மே 6, செவ்வாய்

பாட்டில் நாள். பள்ளி விடுமுறை என்பதால் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். சேந்தனுக்கு நான் வந்தே ஆக வேண்டும். கரடிக் கதையை வேறு யாருக்கும் சொல்லத் தெரியாது. பாபநாசம் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கும் ஒரு கரடி. டிக்கெட் எடுக்காதவர்களை முத்தமிட்டு இறக்கிவிடும்.

நர்ஸ் அவன் கையில் ஊசியைக் குத்திக் குழாயை இணைக்கப் போனாள். மதினி பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"மொதல்ல ரத்தம் எடுங்க. டாக்டர் எத்தன தடவ சொல்லியிருக்காவ? ஏத்துறதுக்கு முந்தி எடுக்கணும்!"

"ஏம்மா கத்துறீங்க? எடுக்கத்தான போறேன்."

"எடுக்கல நீங்க. டியூப மாட்டப் போனீங்க."

பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. முந்தி எடுத்தால் என்ன, பிந்தி எடுத்தால் என்ன, அதே ரத்தம்தானே. படிக்காதவர்களுக்கு ஒரு விதி கிடைத்துவிட்டால் அதைத் தடியாக்கிக்கொள்கிறார்கள். (மதினி பி.காம். என்பது எனக்குத் தெரியும். நான் சொல்வது வேறு.)

கட்டிலின் இடப்பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சேந்தனின் காதுக்குள் கதையைச் சொன்னேன், மதினிக்குக் கேட்காதபடி. அவன் சிரித்த சிரிப்பில் குழாய் ஆடியது.

ஜூன் 1, ஞாயிறு

அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பெயர் சிவசைலம். வங்கி அதிகாரி. இந்தச் சடங்கில் எனக்கு எந்த ஈடுபாடும் இல்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். நீலச் சட்டை. கைக்கடிகாரம் வலது கையில். எல்லாரும் சொஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என்னிடம், "இப்ப என்ன படிச்சிட்டு இருக்கீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "முடிச்சதும் எனக்குக் குடுப்பீங்களா?" என்றார். இதுவரை வந்த ஆறு பேரில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அதனால் ஞாபகம் இருக்கிறது, அவ்வளவுதான்.

சேந்தன் நடுக்கூடத்துக்கு வந்து, "மாமா, எனக்கு நாளன்னைக்குப் பாட்டில்" என்றான். மதினி அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். சிவசைலம் சிரித்தார். அவருடைய அம்மா சிரிக்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

போலியோ சொட்டு மருந்து கொடுப்பவர்கள் தோளில் நீலப் பெட்டியோடு வீடு வீடாக வந்தார்கள். நான் பள்ளியிலிருந்து திரும்பித் தெருவுக்குள் நுழையும்போதே சத்தம் கேட்டது.

"வேண்டாம்னா வேண்டாம். டாக்டர் கூடாதுன்னிருக்காவ. உயிருள்ள கிருமி அது, என் பிள்ள தாங்க மாட்டான்."

"எல்லாப் பிள்ளைக்கும் போடுறதுதானம்மா? வேண்டாம்னா சீட்டாவது காட்டுங்க, எழுதிக்கிடுதேன்" என்றாள் வந்த பெண்.

எதிர்வீட்டுப் பகவதி அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "சொட்டு மருந்து வேண்டாங்குற வீட்ட இன்னைக்குத்தான் பாக்கேன். என்ன ரகசியமோ!" என்றாள்.

மதினி கேட்டை அடித்துச் சாத்திவிட்டு உள்ளே போனாள். வெயிலில் அலைந்து வந்த பெண்ணின் முகத்துக்கு எதிரே. நாகரிகம் என்று ஒன்று வேண்டாமா? நான் அந்தப் பெண்ணிடம் சமாதானமாக, "பையனுக்கு ரத்தத்துல ஒரு கோளாறு. அவங்க அம்மா வழியில வர்றது, எங்க வழியில இல்ல" என்று சொன்னேன். ஒரே வாக்கியம், அதுவும் தாழ்ந்த குரலில். பகவதி அக்கா பக்கத்தில் வந்து நின்றதற்கு நான் பொறுப்பல்ல.

ஜூன் 22, ஞாயிறு

தரகர் அப்பாவுக்குப் போன் செய்தார். "ரத்த வியாதி உள்ள வீடாமே" என்று அம்பாசமுத்திரத்தில் கேட்கிறார்களாம். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்போம் என்கிறார்களாம்.

மதினி கேட்டைச் சாத்திய சத்தம் அவ்வளவு தூரம் கேட்டிருக்கிறது.

ஜூன் 23, திங்கள்

எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. புத்தகத்தை முடித்துவிட்டேன். சாக்குக்குள் வைக்க மனம் வரவில்லை. மேசையிலேயே இருக்கட்டும்.

ஜூலை 2, புதன்

நேற்றுப் பாட்டில் ஏற்றினார்கள். இன்று சேந்தன் வீட்டைச் சுற்றி ஓடுகிறான், கிணற்றுச் சுவரில் ஏறுகிறான். இவனா நோயாளி? ஒரு பிள்ளை நோயாளி என்று எத்தனை பேர் நம்ப வேண்டியிருக்கிறது, அந்த ஒரு தாய்க்காக. கவனிப்புக்கு ஏங்குகிறவர்கள் பிள்ளையின் உடம்பை மேடையாக்கிக்கொள்வதைப் பற்றி எங்கேயோ படித்திருக்கிறேன்.

ஜூலை 7, திங்கள்

மதினி கோவில்பட்டிக்குப் போயிருக்கிறாள். தம்பி மகளுக்குக் காதுகுத்து. அவ்வளவு கூட்டத்துக்குள் சேந்தனைக் கொண்டுபோக முடியாது என்று என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். விட்டுப் போகும்போது அரை மணி நேரம் உத்தரவு போட்டாள்.

காலையில் விடுப்பு எடுத்துக்கொண்டு அவனை ஜங்ஷன் பக்கம் உள்ள ஒரு பரிசோதனை நிலையத்துக்கு அழைத்துப்போனேன். ஒரு உண்மையைத் தெரிந்துகொள்வதில் தப்பில்லை.

"அத்தை, இன்னைக்குப் பாட்டிலா?"

"இல்லடா. ஒரே ஒரு குத்து. கரடி டிக்கெட்டுல ஓட்ட போடுமே, அந்த மாதிரி."

"அம்மாட்ட சொல்லவா?"

அவன் இடது காதில் வாயை வைத்து, "இது நம்ம ரெண்டு பேர் ரகசியம்" என்றேன். அவனும் என் காதில் "சரி" என்றான். எச்சிலோடு.

ரத்தம் எடுத்த பையன் என்னிடம், ஏதாவது மருந்து ஏற்றுகிறார்களா என்று கேட்டான். சத்து மருந்து என்று சொன்னேன்.

ஜூலை 8, செவ்வாய்

நான் நினைத்தது சரி.

ஐ.ஜி.ஜி., அதாவது அந்த மூன்று புரதங்களில் முதலாவது, அந்த வயதுப் பிள்ளைக்கு இருக்க வேண்டிய அளவுக்குள் இருக்கிறது. கறுப்பு எழுத்தில், மற்ற ஆரோக்கியமான பிள்ளைகளுக்கு வருவது போல. கீழே மற்ற இரண்டின் வரிகள் சிவப்பில், கீழ்நோக்கிய அம்புக்குறியோடு இருக்கின்றன. ஆனால் டாக்டர் எப்போதும் பேசுவது முதல் வரியைப் பற்றித்தான்.

அப்பா தாளைக் கையில் வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு எடுத்தார். "தரகருக்கு அனுப்பிருவோமா ஏட்டி?" என்றார். அது அவருடைய யோசனை. படம் பிடித்தது மட்டும் நான். முதல் வரி தெளிவாக வந்தது. கீழ்ப்பகுதி சட்டத்துக்குள் வரவில்லை.

ஜூலை 9, புதன்

மதினி வந்ததும் பெரிய சண்டை வரும் என்று தயாராக இருந்தேன். கேள்விகளையும் பதில்களையும் மனதுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன்.

அவள் தாளை வாங்கினாள். நின்றபடியே படித்தாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நெசமாவா வடிவு?"

"எழுதியிருக்குல்ல மதினி."

"சரியாப் பாத்தியா? இவன் பேருதானா?"

"அவன் பேருதான்."

"என்னால வந்துச்சு, என்னால வந்துச்சுன்னு…" என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த ஏழு வருடத்தில் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

அண்ணன் தயங்கினான். "டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுருவோமா?"

"கேளுண்ணே. பாட்டில் வேண்டாம்னு அவங்களே சொல்லிருவாங்களாக்கும்" என்றேன்.

"கேக்க வேண்டாங்க," என்றாள் மதினி, சட்டென்று. குரலில் பயம் இருந்தது. "எழுதியிருக்குல்ல. எதுக்குக் கேட்டுக்கிட்டு?"

சாயங்காலம் உளுந்தங்களி கிண்டி, குழியில் நல்லெண்ணெய் ஊற்றி என் அறைக்கே கொண்டுவந்தாள். மாடியிலிருந்து புத்தகங்களை இறக்கி, ஒவ்வொன்றாகத் துடைத்து, அடுக்கினாள். அளவு வாரியாக அடுக்கினாள், ஆசிரியர் வாரியாக இல்லை. நான் திருத்தவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

மருத்துவமனையிலிருந்து போன் வந்தது, ஏன் வரவில்லை என்று. ஊருக்குப் போயிருக்கிறோம் என்றான் அண்ணன். போனை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான், ஏதோ ஒட்டிக்கொண்ட மாதிரி. மதினி பையனுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். சீவியதையே திரும்பத் திரும்பச் சீவினாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

செப்டம்பர் நான்காம் தேதி நிச்சயதார்த்தம். அம்பாசமுத்திரத்தார் மனம் மாறிவிட்டது.

அவர் இரண்டு முறை போனில் பேசினார். பேச்சு பெரும்பாலும் புத்தகங்களைப் பற்றி. குரல் நன்றாக இருக்கிறது. சேந்தன் வாசலில் மண் வீடு கட்டிக்கொண்டிருந்தான். லேசாக மூக்கு ஒழுகியது. எல்லாப் பிள்ளைக்கும் ஒழுகும்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இன்றும் பாட்டில் நாள் கடந்து போனது. அவன் தலையணையில், இடது காது படும் இடத்தில், மஞ்சள் வட்டம். மதினி உறையை உருவிக்கொண்டு போனாள். நானும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

காய்ச்சல். மதினி மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்கிறாள். "ரெண்டு நாளு பொறும்மா, நிச்சயம் முடியட்டும். இப்பப் போயி ஆஸ்பத்திரில கெடந்தா அவங்க என்ன நெனைப்பாங்க?" என்கிறார் அப்பா. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசிக்கவும் நேரமில்லை, சேலைக்கு ரவிக்கை தைத்து வாங்கி வர வேண்டியிருந்தது.

செப்டம்பர் 3, புதன்

காலையில் அவனுக்குப் பால் கொண்டுபோனேன். காது முகத்திலிருந்து முன்பக்கமாகத் தள்ளி நின்றது. காதுக்குப் பின்னால் சிவந்து வீங்கியிருந்தது. "சேந்தா" என்று கூப்பிட்டேன். அவன் கண்ணைத் திறந்தான், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. நான்தான் கத்தியிருக்க வேண்டும். டம்ளர் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை.

அண்ணன் காரை எடுத்தான். மதினி செருப்புப் போடவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

நிச்சயதார்த்தம் தள்ளிவைப்பு. அப்பா அவர்களிடம் சளி என்று சொல்லியிருக்கிறார்.

செப்டம்பர் 5, வெள்ளி

காதுக்குப் பின்னாலுள்ள எலும்பு வரை சீழ் போய்விட்டது. நேற்று அறுவை சிகிச்சை செய்து வடித்தார்கள். அதற்கு முன்பே பாட்டிலையும் ஏற்றினார்கள். ஏற்றுவதற்கு முன் எடுத்த ரத்தத்தில் முதல் வரியும் சிவப்பாக இருந்ததாம்.

டாக்டர் ஹெப்சிபா எங்களை உட்கார வைத்துக் கேட்டார். "ரெண்டு தடவ வரல. ஏன்?"

அண்ணன் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினான். அவர் தேதியைப் பார்த்தார். பழைய கோப்பைத் திறந்து இன்னொரு தேதியைப் பார்த்தார்.

"ஜூலை ஒண்ணாம் தேதி மருந்து ஏத்தியிருக்கு. ஏழாம் தேதி போயி ரத்தம் எடுத்திருக்கீங்க. வெளியூர்லேர்ந்து லாரில தண்ணி கொண்டாந்து தொட்டில ஊத்திட்டு, எட்டிப் பாத்துட்டு, ஆகா நம்ம கெணத்துல ஊத்து வந்துருச்சுன்னு சொல்லுவீங்களா? இது அவன் செஞ்சதில்ல. யார் யாரோ குடுத்தது. நாளாக நாளாகக் கொறையும். அடுத்த பாட்டிலுக்கு முந்தி மிச்சம் எவ்வளவு இருக்குன்னு பாக்கத்தான் நாங்க முன்னாடியே எடுக்கறோம். யாரு கூட்டிட்டுப் போனது?"

அண்ணன் தரையைப் பார்த்தான்.

"எங்க வீட்டு நூலகர்," என்றாள் மதினி.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். பேனாவை எடுத்து இரண்டாவது, மூன்றாவது வரிகளைச் சுற்றி வட்டம் போட்டார். "பாட்டில்ல இருக்கறது முதல் வரி மட்டும்தான். இந்த ரெண்டும் அவனாச் செஞ்சாத்தான் உண்டு. குணமாயிருந்தா இதுவும் ஏறியிருக்கணும். இத நீங்க பாக்கலியா?"

"பார்த்தேன்" என்றேன்.

செப்டம்பர் 6, சனி

வார்டு வாசலில் மதினி என்னை வழிமறித்தாள்.

"உன் கல்யாணத்துக்கு என் பிள்ள ரத்தத்தக் கொண்டு போன, இல்ல?"

அப்படி இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"பேசாத. நானும்தான் நம்புனேன். போன எடுத்து ஒரு வார்த்த டாக்டர்கிட்டக் கேக்க எனக்குத் துணிச்சல் வரல. அதுக்கு உன்னத் திட்ட மாட்டேன், அத நான் பாத்துக்கிடுதேன். ஆனா நீ எங்கிட்டக் களி வாங்கித் தின்ன பாரு, தெரிஞ்சுக்கிட்டே… அத மட்டும் என்னால மறக்க முடியாது."

தெரிந்துகொண்டு இல்லை. முழுக்கத் தெரிந்துகொண்டு இல்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

சிவசைலம் போன் செய்தார்.

"தம்பிக்கு எப்படி இருக்கு? சளிதான? அம்மா கேக்கறாங்க, தேதி வைக்கலாமான்னு."

"சளி இல்ல. பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி கிடையாது. ஆயுசுக்கும் மருந்து ஏத்தணும். உங்களுக்கு வந்த ரிப்போர்ட் தப்பு. படம் எடுத்தது நான்தான்."

"உங்க குடும்பத்துல… வழிவழியா வர்றதா அது?"

அவர் கேட்க விரும்பியது எனக்குப் புரிந்தது. அதற்கு என்னிடம் பதில் இருந்தது. பகவதி அக்காவுக்கு முன்னால் கேட்டருகே நின்று சொன்ன அதே வாக்கியம். அவங்க அம்மா வழியில வர்றது, எங்க வழியில இல்ல. உண்மையும்கூட. அதைச் சொல்லியிருந்தால் போதும்.

"வீட்டுல ஒரு பிள்ளைக்கு இருக்கு. அவ்வளவுதான் சொல்ல முடியும்," என்றேன்.

"அம்மாட்ட பேசிட்டுச் சொல்றேன்."

மேசையிலிருந்த புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டேன். அளவு வாரியாக அதற்கு எங்கே இடமோ அங்கே.

செப்டம்பர் 21, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டான். மதினி என்னோடு பேசுவதில்லை. தட்டை வைக்கிறாள், சோறு போடுகிறாள், பேசுவதில்லை. பகவதி அக்கா கேட்டருகில் வந்து, "கல்யாணம் நின்னுட்டாமே. அந்தப் பிள்ளையாலயா?" என்று கேட்டாள்.

"என்னாலக்கா" என்றேன். அவளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அதை வைத்துக்கொண்டு அவளால் ஒன்றும் செய்ய முடியாது.

செப்டம்பர் 30, செவ்வாய்

காதுச் சோதனை. கண்ணாடி அறைக்குள் அவனை உட்கார வைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். வலது காதுக்குக் கை உயர்ந்துகொண்டே இருந்தது. இடது காதுக்கு அவன் கையை மடியில் வைத்துக்கொண்டு, எங்களைப் பார்த்து, "எப்ப ஆரம்பிக்கும்?" என்று கேட்டான்.

அக்டோபர் 1, புதன்

பாட்டில் நாள். நான் வர வேண்டாம் என்று மதினி அண்ணனிடம் சொல்லி அனுப்பினாள். சேந்தன் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டான். "கரடி வந்தாத்தான் குத்த விடுவேன்." ஒரு மணி நேரம் கெஞ்சியும் எழுந்திருக்கவில்லை. போனேன்.

மதினி கீழே பதிவு செய்யப் போயிருந்தாள். புதிய நர்ஸ், இருபது வயதிருக்கும். கையில் நரம்பைத் தேடிக் குத்தி, பாட்டிலைத் தொங்கவிட்டு, குழாயின் நுனியை எடுத்தாள்.

"முதல்ல ரத்தம் எடுங்க," என்றேன்.

"ஏத்தி முடிச்சிட்டு எடுத்துக்கிடலாம் மேடம். எப்ப எடுத்தாலும் ஒண்ணுதான?"

"ஒண்ணு இல்ல. ஏத்துனப்புறம் எடுத்தா பாட்டில்ல இருந்ததுதான் தெரியும். அவங்கிட்ட மிச்சம் எவ்வளவு இருக்குன்னு தெரியாது. முதல்ல எடுங்க!"

என் குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சிறிய குப்பியை எடுத்தாள். திரும்பினால், வாசலில் மதினி நின்றிருந்தாள், கையில் பதிவுச் சீட்டோடு. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. என் பக்கம் பார்க்காமல் உள்ளே வந்து, கட்டிலின் மறுபக்கம் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

குப்பி நிறைந்தது. அதற்குப் பிறகு பாட்டில் சொட்டத் தொடங்கியது.

"அத்தை, கரடி," என்றான் சேந்தன்.

பழக்கத்தில் இடப்பக்க நாற்காலியில் உட்கார்ந்து அவன் காதருகே குனிந்தேன். அன்று பாபநாசம் பஸ்ஸில் ஒரே கூட்டம், என்று ஆரம்பித்தேன். பஸ் புறப்பட்டது, கரடி விசில் அடித்தது, முண்டந்துறைக்குள் யானை ஒன்று கை காட்டியது. அவன் சிரிக்கவில்லை. பொறுமையாக என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான், கதை எப்போது ஆரம்பிக்கும் என்பது போல.

மதினி ஸ்டூலிலிருந்து எழுந்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும் அவள் என்னிடம் பேசி.

"அந்தப் பக்கம் இல்ல. இங்கிட்டு வா."

நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கட்டிலைச் சுற்றி வலப்பக்கம் போனேன். அவள் இடம் விட்டு நகர்ந்து நின்றாள், என் மேல் படாமல். நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.